விமர்சனம் எழுதினேன், வழக்கறிஞர் கடிதம் வந்திருக்கிறது

வாசகியின் கடிதம், சுருக்கமாக

மலேசியாவின் கெடா மாநிலத் தென்பகுதியில், ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரமாக (ரப்பர்) இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு சிறு நகரத்திலிருந்து ஓர் ஆசிரியை ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பள்ளி, நாளிதழ், நூல் எதன் பெயரையும் இங்கே சொல்லவில்லை.

தமிழ்ப்பள்ளியில் வேலை செய்யும் இவர், நான்கு ஆண்டுகளாக ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பில் உள்ளூர் நூல்களுக்கு விமர்சனம் எழுதி வருகிறார். மாதம் ஒரு நூல், சிறிய சன்மானம். அவ்வூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் வரலாற்றை எழுதிச் சொந்தச் செலவில் நூலாக்கினார். கோயில் மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. மறுநாள் அவரே வீட்டுக்கு வந்து, நூலின் இரண்டு படிகளையும் 150 வெள்ளி (ரிங்கிட்) வைத்த ஒரு கவரையும் கொடுத்து, "நல்லா எழுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெரியவர், வாசலில் நிற்கிறார். வாங்கிவிட்டார்.

விமர்சனத்தில் ஆசிரியை எழுதியவற்றுள் நான்கு இடங்கள்தான் இன்றைய சிக்கலுக்குக் காரணம். ஒன்று, நூலின் நடை வறண்டு கிடக்கிறது, படிப்பவரின் பொறுமையைச் சோதிக்கிறது என்றார். இரண்டு, 1941இல் சிலாங்கூரில் நடந்த கிள்ளான் வேலைநிறுத்தத்தையும் 1947இல் கெடாவில் தொண்டர் படை நடத்திய கள்ளுக்கடை மறியலையும் நூலாசிரியர் ஒரே நிகழ்ச்சியாகக் குழப்பிவிட்டார் என்றார். மூன்று, "ஏழாம் இயல் இவர் எழுதியதே அல்ல. இறந்துபோன ஓர் ஆசிரியரின் கட்டுரையைத் திருடிப் போட்டிருக்கிறார்." நான்கு, "பிறர் உழைப்பில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது இந்த முன்னாள் தலைமையாசிரியருக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே பழக்கம்தான்."

கட்டுரை வந்த அன்றே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இரண்டு வாட்சாப் குழுக்களிலும் போட்டிருக்கிறார். மூன்று வாரத்தில் வழக்கறிஞர் கடிதம் வந்துவிட்டது. கட்டுரையை மீட்டுக்கொள்ள வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், 50,000 வெள்ளி இழப்பீடு தர வேண்டும், நூலிலிருந்து அனுமதியில்லாமல் வரிகளை எடுத்தாண்டதற்கும் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் 14 நாளுக்குள். ஆசிரியை எனக்கு எழுதியபோது ஒன்பது நாள் போயிருந்தது.

"உண்மையைத்தானே எழுதினேன்? அவர் பெயரைக்கூடக் கடைசி வரியில் போடவில்லை. இது என் சொந்தக் கருத்து என்று கீழே குறிப்பும் போட்டேன். பிறகு எப்படி வழக்குப் போட முடியும்? பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? இனி எழுதுவதையே விட்டுவிடவா?" என்று கேட்கிறார்.

கடைசிப் பக்கத்தில், "இதையும் சொல்லிவிடுகிறேன்" என்று தொடங்கி நான்கு விஷயங்கள். அந்தத் தலைமையாசிரியரிடம் வேலை செய்த காலத்தில் தனக்கு ஆண்டு மதிப்பீட்டுப் புள்ளியை அவர் குறைத்துப் போட்டார். விமர்சனம் எழுதுவதற்கு முதல் நாள் ஒரு தோழிக்கு, "இந்தத் தடவை சாருக்கு வச்சிருக்கேன்" என்று செய்தி அனுப்பினார். நூலின் நடுவில் நாற்பது பக்கத்தைப் படிக்கவில்லை. போன ஆண்டு வானளாவப் புகழ்ந்து எழுதிய கவிதை நூல், தன் சொந்த அண்ணன் மகனுடையது. அதைக் கட்டுரையில் சொல்லவில்லை.

என் பதில்

அன்புள்ள டீச்சர்,

அந்தக் கடைசிப் பக்கத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியதால்தான் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது. வழக்கறிஞரிடம் பாதியை மறைத்துவிட்டு வருபவர்களை 26 ஆண்டுகளாகப் பார்க்கிறேன். மறைத்த பாதி நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் கையில்தான் இருக்கும்.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த 14 நாளைப் பார்த்துவிடுவோம். அது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறித்த கெடு. நீதிமன்றம் குறித்தது அல்ல. 15ஆம் நாள் உங்களை யாரும் கைது செய்ய மாட்டார்கள், வீட்டுக்கு ஜப்தி வராது. 50,000 என்பதும் அவர்கள் கேட்கும் தொகைதான். என்றாலும் பதில் போடாமல் இருப்பது நல்லதல்ல. அவதூறு வழக்குத் தொடர அவருக்கு ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது, அமைதியாக இருந்தால் மறந்துவிடுவார் என்று நம்பாதீர்கள். உண்மையிலேயே பயப்பட வேண்டிய காகிதம் வேறு. நீதிமன்ற முத்திரையோடு வழக்குப் பத்திரம் வந்து சேர்ந்தால், தீபகற்ப மலேசியாவில் 14 நாளுக்குள் நீங்கள் முன்னிலையாவதைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வாங்கிவிடலாம். இந்த இரண்டு பதினான்கையும் குழப்பிக்கொண்டு, முதலாவதற்கு நடுங்கி இரண்டாவதைத் தூக்கி அலமாரியில் போட்டவர்களை நான் அறிவேன்.

நான்கு வாக்கியம், நான்கு நிலைமை

உங்கள் விமர்சனம் முழுவதும் தவறு என்றோ முழுவதும் சரி என்றோ நான் சொல்லப் போவதில்லை. அந்த நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள்.

"நடை வறண்டு கிடக்கிறது" என்பது கருத்து. நூலை அச்சிட்டு விற்பவர், அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைக்கிறார். படித்தவருக்குப் பிடிக்காமல் போகலாம், அதைக் கடுமையாகச் சொல்லவும் செய்யலாம். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமான அக்தா ஃபித்னாவின் கீழ் நியாயமான கருத்து என்ற எதிர்வாதம் உங்களுக்கு இருக்கிறது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. சொன்னது கருத்தாக இருக்க வேண்டும், பொதுநலன் சார்ந்த விஷயமாக இருக்க வேண்டும், உண்மையான விவரங்களின் மேல் நிற்க வேண்டும், நேர்மையான ஒருவர் அப்படி நினைக்க இடமிருக்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்தாக இருக்கத் தேவையில்லை. இந்த வாக்கியத்தில் பின்வாங்காதீர்கள்.

இரண்டாவது, வரலாற்றுத் தவறு. இங்கே நீங்கள் பாறை மேல் நிற்கிறீர்கள். கிள்ளான் வேலைநிறுத்தம் 1941, ஜப்பானியர் வருவதற்கு முன்பு. அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைதானதும் தொழிலாளர்கள் சுடப்பட்டதும் சிலாங்கூரில். தொண்டர் படை போருக்குப் பிறகு கெடாவில் எழுந்தது. ஏ.எம். சாமி தலைமையில், கள்ளுக்கடைகளுக்கு எதிராக, பீடோங் வட்டாரத்தில் 1947இல் உச்சத்துக்குப் போனது. என் அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். மறியலுக்குப் போன பெரியவர்களின் பின்னால் பன்னிரண்டு வயதுப் பையனாக ஓடியதைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தைத் தூக்கி ஆறு ஆண்டு முன்னால், வேறு மாநிலத்தில் வைத்தால் என் போன்றவர்களுக்கு நெஞ்சு எரியத்தான் செய்யும். நாளை ஒரு பல்கலைக்கழக மாணவர் இந்த நூலைப் பார்த்து ஆய்வேட்டில் எழுதுவார், அப்புறம் அதுவே வரலாறாகிவிடும். நீங்கள் திருத்தியது பெரிய வேலை டீச்சர். அவதூறு என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

மூன்றாவது வாக்கியத்தில் தரை ஆட ஆரம்பிக்கிறது. "திருடினார்" என்பது கருத்து அல்ல, ஒரு மனிதர் செய்ததாகச் சொல்லப்படும் காரியம். அது உண்மை என்றால் சட்டம் உங்களுக்கு முழு எதிர்வாதம் தருகிறது. ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அவர் திருடவில்லை என்று அவர் காட்டத் தேவையில்லை. உங்கள் கையில் என்ன இருக்கிறது? பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு கும்பாபிஷேக மலரில் இதே கட்டுரையைப் படித்த ஞாபகம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலர் கைவசம் இல்லை. ஞாபகம் சரியாகவே இருக்கலாம், ஆனால் இறந்தவரின் குடும்பம் இவருக்கு அனுமதி கொடுத்திருந்தால்? அந்த மலருக்கு இவரே எழுதிக் கொடுத்து, அந்த ஆசிரியர் பெயரில் வந்திருந்தால்? நம் ஊர் மலர்களில் அதுவும் நடக்கிறது. தலைவர் பெயரில் வரும் வாழ்த்துரையை யார் எழுதுகிறார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

இதே விஷயத்தை வேறு மாதிரி எழுதியிருக்கலாம்: "ஏழாம் இயலின் பல பத்திகள் இன்ன ஆண்டு மலரில் இன்னார் எழுதிய கட்டுரையோடு வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. நூலில் அந்தக் கட்டுரை குறிப்பிடப்படவில்லை." இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டால் வாசகர் தாமே முடிவுக்கு வருவார். திருட்டு என்ற சொல்லே தேவைப்படாது, கட்டுரையும் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

நான்காவதுதான் எனக்கு வருத்தம் தந்தது. அது நூலைப் பற்றியதே இல்லை. இருநூறு பக்கத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் கிடைக்காது. பள்ளி ஆசிரியர் அறையிலிருந்து அதைக் கொண்டுவந்து நூல் விமர்சனத்துக்குள் வைத்திருக்கிறீர்கள்.

நம் குற்றவியல் சட்டத்தின் 499ஆவது பிரிவில் இதற்கென்றே ஓர் உதாரணம் இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது சிவில் விவகாரம், இந்தப் பிரிவு குற்ற வழக்குக்கு உரியது. ஆனாலும் நூல் விமர்சனம் எழுதும் யாரும் ஒருமுறை படிக்க வேண்டிய பகுதி அது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே நமக்கு வந்தது. ஒருவர், "இந்த நூல் அசட்டுத்தனமாக இருக்கிறது, இதை எழுதியவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை. "இந்த நூல் அசட்டுத்தனமாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை, ஏனென்றால் இவர் பலவீனமான மனிதர், ஒழுக்கங்கெட்டவர்" என்று சொன்னால் அந்த விதிவிலக்கு உதவாது. இரண்டும் கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். முதலாமவர் நூலிலிருந்து மனிதருக்குப் போகிறார், இரண்டாமவர் மனிதரிடமிருந்து நூலுக்கு வருகிறார். நூலில் தெரியும் அளவுக்கு எழுதியவரின் குணத்தைப் பற்றிப் பேசலாம், அதற்கு மேல் ஓர் அடிகூடக் கூடாது என்கிறது சட்டம். நீங்கள் முதல் மூன்று வாக்கியத்தை நூலிலிருந்து தொடங்கினீர்கள். நான்காவதை மனிதரிடமிருந்து தொடங்கிவிட்டீர்கள்.

"உண்மை", "பெயர் இல்லை", "என் கருத்து"

இந்த மூன்றையும் உங்களைப் போலவே பலர் கவசமாக நம்புகிறார்கள். பெயர் போடாவிட்டாலும், படிப்பவர்களுக்கு யாரென்று தெரிந்தால் போதும். உங்கள் ஊரில் நூல் எழுதிய முன்னாள் தலைமையாசிரியர் எத்தனை பேர்? தவிர, கட்டுரையின் தலைப்பிலேயே நூலாசிரியர் பெயர் இருக்கிறதே.

"இது என் சொந்தக் கருத்து" என்று கீழே போட்டால் மேலே சொன்ன விவரம் கருத்தாக மாறிவிடாது. "என் கருத்துப்படி இவர் திருடர்" என்றாலும் வாசகர் மனத்தில் பதிவது திருடர் என்பதுதான்.

உண்மை என்பதோ நிரூபிக்க முடிந்த உண்மை. குற்ற வழக்கு என்று வந்தால் அதுவும் போதாது. உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிடுவது பொதுநன்மைக்குத் தேவை என்றும் காட்ட வேண்டும். 500ஆவது பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அவர்கள் அந்த வழிக்குப் போவதாகக் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை. முழுப் படமும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பேச்சுரிமை இருக்கிறதே என்பீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு அதைத் தருகிறது, அதே பிரிவு அவதூறுக்கு எதிராகச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரமும் தருகிறது.

மேற்கோள் விஷயத்தை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எடுத்தது மொத்தம் பதினோரு வரி, இரண்டு பெயரும் இருக்கின்றன. அந்தக் கோரிக்கையை அவர்கள் சும்மா சேர்த்திருக்கிறார்கள்.

கெட்ட எண்ணம் என்ற கேள்வி

நியாயமான கருத்து என்ற எதிர்வாதத்தை உடைக்க ஒரு கல் போதும். எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று காட்டிவிட்டால், கருத்து எவ்வளவு நியாயமாக இருந்தாலும் பாதுகாப்புப் போய்விடும். இப்போது உங்கள் கடைசிப் பக்கத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கண்ணால் படித்துப் பாருங்கள். குறைத்துப் போட்ட புள்ளி, "சாருக்கு வச்சிருக்கேன்" என்ற செய்தி, உறவுக்காரப் பையனின் நூலுக்குப் பாராட்டு, பகையாளியின் நூலுக்குத் தாக்குதல். நான் அவர் இடத்தில் இருந்தால் இந்த நான்கை மட்டும் வைத்தே உங்களைக் கூண்டில் ஒரு மணி நேரம் நிற்க வைத்திருப்பேன். வறண்ட நடை என்று நீங்கள் மனமறிந்து எழுதியதுகூட அப்போது பழிவாங்கலாகத் தெரியும்.

அந்தச் செய்தியை அழித்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். அழிக்காதீர்கள். தோழியின் கைப்பேசியில் அது இருக்கிறது. அழித்தது தெரிந்தால் செய்தியைவிட அழித்ததே பெரிய சான்றாகிவிடும்.

ஒருவர் மேல் மனத்தாங்கல் இருந்தால் அவர் நூலுக்கு விமர்சனமே எழுதக் கூடாதா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. என் எண்ணம் இது: புண் ஆறாதவரை அந்த நூலை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. ஊரில் வேறு ஆளில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும் என்றால், "இவரிடம் நான் வேலை பார்த்தவள்" என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். வாசகர் உங்கள் சொல்லை அதற்கேற்ப எடை போட்டுக்கொள்வார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு கடுஞ்சொல்லின் பக்கத்திலும் பென்சிலால் நூலின் பக்க எண்ணைக் குறியுங்கள். எண் போட முடியாத வாக்கியம் விமர்சனத்துக்கு உரியதல்ல.

கவர்

150 வெள்ளியை எண்ணி நீங்கள் ரொம்பவே குமைந்துபோயிருக்கிறீர்கள். அவர் தந்ததை லஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் தமிழ் நூல் எழுதுபவர் பெரும்பாலும் தானே அச்சகத்துக்குப் பணம் கட்டுகிறார். வெளியீட்டு விழாவில் முதல் நூலை ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிக்கொள்பவர் நூலின் விலையைக் கொடுக்கவில்லை, எழுதியவருக்கு மரியாதை செய்கிறார். இருபது வெள்ளி நூலுக்கு ஐம்பதைக் கவரில் வைக்கும் தோட்டத்துப் பெரியவரும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர், கொடுப்பதும் வாங்குவதும் இயல்பு என்று நினைத்திருக்கலாம். ஆனால் அங்கே வாசகர் எழுத்தாளருக்குக் கொடுக்கிறார். இங்கே எழுத்தாளர், தன் நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போகிறவருக்குக் கொடுத்திருக்கிறார். திசை மாறினால் பொருளும் மாறிவிடுகிறது.

வாங்கிக்கொண்டு புகழ்ந்திருந்தால் வாசகருக்குத் துரோகம். வாங்கிக்கொண்டு இகழ்ந்ததால் அவருக்கு ஏமாற்றம். வாசலிலேயே, "நூல் போதும் சார், இதை வைத்துக்கொண்டால் என்னால் எழுத முடியாது" என்று சொல்லியிருந்தால் இரண்டும் இல்லை. விமர்சனத்துக்காக இலவசமாக வரும் நூலை வாங்கிக்கொள்ளலாம், அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் இப்போது நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வழக்கறிஞர் மூலமாக, ஒரு வரி விளக்கத்தோடு போகட்டும்.

இன்னொன்று. நீங்கள் அரசு ஊழியர். நாளிதழ் தரும் சன்மானம் வெளிவேலைக்கான வருமானம். 1993ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் நடத்தை விதிமுறைகளின்படி அதற்கு முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதி வாங்கியதாகக் கடிதத்தில் இல்லை. வாங்கியிருக்காவிட்டால் அதையும் சரிசெய்துகொள்ளுங்கள்.

அண்ணன் மகனின் கவிதை நூல்

இதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. ஆனாலும் என் கண்ணில் இது தலைமையாசிரியர் விஷயத்தைவிடச் சின்னதல்ல. உங்கள் கட்டுரையை நம்பி அந்த நூலை 25 வெள்ளி கொடுத்து வாங்கியவர்கள் இருப்பார்கள். ஏமாந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. திட்டு வாங்கியவர் வழக்கறிஞரிடம் போகலாம், பொய்யான புகழை நம்பியவர் எங்கே போவார்?

அந்தப் பையனுக்கும் நீங்கள் நல்லது செய்யவில்லை. எதுகைக்காகப் பொருளைப் பலி கொடுத்திருந்தான் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள், கட்டுரையில் எழுதவில்லை. இரண்டாவது நூலிலும் அதையே செய்யப் போகிறான். நம் உள்ளூர் எழுத்தாளருக்கு வரும் விமர்சனத்தில் பாதிக்கு மேல் "அருமையான முயற்சி", "தமிழன்னைக்கு மேலும் ஓர் அணிகலன்" என்றே இருக்கிறது. அப்படி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு நூல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுவதை விட்டுவிடவா என்ற உங்கள் கேள்விக்கு வேண்டாம் என்கிறேன். தொண்டர் படையை அதன் சரியான ஆண்டில் திருப்பி வைக்கத் தெரிந்த ஒருவர் ஓய்ந்துபோனால் இழப்பு ஊருக்குத்தான். அடுத்த மாதம் எழுதும்போது "அந்தக் கவிஞர் என் உறவினர்" என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியவை

நாளிதழ் ஆசிரியரிடம் கடிதத்தைக் காட்டுங்கள். அச்சிட்டவர்களுக்கும் பொறுப்பு உண்டு, அவர்களைத் தவிர்த்துவிட்டு நீங்கள் மட்டும் பதில் எழுதக் கூடாது. வாட்சாப் குழுக்களில் இனி ஒரு சொல்லும் வேண்டாம். நீங்கள் அங்கே போட்ட படமும் தனி வெளியீடாகவே கருதப்படும். யாராவது உங்களுக்காகச் சண்டை பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கோயில் தலைவரையோ பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரையோ வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், நம் ஊர்களில் அது பலமுறை பலித்திருக்கிறது. ஆனால் வழக்கறிஞருக்குத் தெரிந்து நடக்கட்டும், அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த மலரைத் தேடுங்கள். கோயில் அலுவலக அலமாரி, இறந்த ஆசிரியரின் குடும்பம், அச்சடித்த அச்சகம், அப்புறம் கோலாலம்பூரில் உள்ள தேசிய நூலகம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே வெளியாகும் அச்சு நூல்களின் ஐந்து படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். மலர்களை எல்லாரும் அனுப்புவதில்லை, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். கிடைத்து, வரிகள் ஒத்திருந்தால் மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி வேறு மாதிரி பேசலாம். மலேசியாவில் எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும், ஆகவே கேள்வி கேட்கும் உரிமை முதலில் அந்தக் குடும்பத்துடையது. கிடைக்காவிட்டால் "திருடி" என்ற சொல்லையும் மீட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்காவது வாக்கியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வழக்குத் தொடருவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்க முன்வந்தால், இழப்பீட்டைக் குறைக்க அதைச் சான்றாகக் காட்டலாம் என்று அவதூறுச் சட்டமே சொல்கிறது. உங்கள் வழக்கறிஞர் இதுபோல ஒன்றை அனுப்பலாம்: "நூலாசிரியரின் பள்ளிப் பணிக்காலத்தைப் பற்றி நான் எழுதிய வாக்கியத்துக்கு அந்த நூலில் எந்த ஆதாரமும் இல்லை. அதை நான் எழுதியிருக்கக் கூடாது. அதை மீட்டுக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நூலின் நடை, வரலாற்றுத் தகவல்கள் பற்றிய என் கருத்துகளில் மாற்றமில்லை." அதே ஞாயிறு பதிப்பில், அதே பக்கத்தில் வரட்டும். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி அவர்கள் கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னேன் என்பவர் உரிய கவனத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்று குற்றவியல் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் படிக்காமல் விட்டது 90ஆம் பக்கத்திலிருந்து 130 வரை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் இயல் தொடங்குவது 112இல். மலரில் படித்த கட்டுரைதானே என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். அந்த இயலின் முடிவிலோ ஓர் அடிக்குறிப்பிலோ, இறந்துபோன அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லியிருந்தால் என்ன செய்வீர்கள்? நூலைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்களே, இன்று மாலையே திரும்ப வாங்கி அந்த நாற்பது பக்கத்தையும் படித்துவிடுங்கள். படித்த பிறகு வழக்கறிஞரைப் பார்க்கப் போங்கள்.